வாசலில் எந்தப் பூட்டு? அதற்குமுன், சாவி யார் கையில்?

கேமரன் மலை: தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மலையேறி வரும் பிள்ளைகள், வயதான பெற்றோருக்குப் புதுத்துணியோடு சில வேளைகளில் இன்னொரு பெட்டியையும் கொண்டு வருகிறார்கள். உள்ளே இருப்பது வாசல் கதவுக்கான டிஜிட்டல் பூட்டு. எண்களை அழுத்தினால் திறக்கும், விரலை வைத்தால் திறக்கும், கோலாலம்பூரிலிருந்து திறன்பேசியில் தட்டினாலும் திறக்கும் என்று மகன் விளக்குகிறார். அம்மாவோ சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கும் பழைய சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுபவர்களிடம் டிஜிட்டல் பூட்டு இப்போது பழகிய பொருள். அடுத்து அது சாதாரணக் குடும்பங்களின் வாசலுக்கு வருகிறது. நாளை அது தோட்டத்து வீடுகளுக்கும் வரலாம். எது பாதுகாப்பானது, சாவிப் பூட்டா டிஜிட்டல் பூட்டா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது. ஆனால் மலையில் வாழும் தமிழர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பூட்டைத் திறக்கவும், மூடவும், எண்ணை மாற்றவும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அது.

மாங்காய்ப் பூட்டிலிருந்து எண்பலகை வரை

தமிழருக்குப் பூட்டு புதிதல்ல. திண்டுக்கல் என்றதும் பூட்டுதான் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே கையால் செய்யப்படும் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அவற்றில் பெயர்பெற்ற ஒரு வகை, மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டு. மலாய் மொழியிலும் மாம்பழத்துக்கும் தொங்கு பூட்டுக்கும் 'மங்கா' என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது.

இன்று நம் கதவுகளில் இருக்கும் சாவிப் பூட்டின் அமைப்பு, 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தது. பூட்டின் உருளைக்குள் சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். சரியான சாவியின் பற்கள் அவற்றை ஒரே மட்டத்துக்கு உயர்த்தினால்தான் உருளை சுழலும். இதற்கு மின்சாரம் தேவையில்லை, இணையம் தேவையில்லை, கடவுச்சொல்லும் தேவையில்லை.

அதனால் அது உடைக்க முடியாதது என்று சொல்லிவிட முடியாது. 1851ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது, அக்காலத்தில் யாராலும் திறக்க முடியாதவை என்று பெயர் பெற்றிருந்த இரண்டு பூட்டுகளை ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்து காட்டினார். சப் நிறுவனத்தின் பூட்டுக்கு அவருக்கு 25 நிமிடங்களே பிடித்தன. பிராமா பூட்டுக்கு 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது.

டிஜிட்டல் பூட்டின் கதையும் இதேதான். 2024 மார்ச்சில் ஆய்வாளர்கள் சிலர், உலகெங்கும் தங்கும் விடுதிகளில் பயன்படும் 'சாஃப்லோக்' என்ற அட்டைப் பூட்டு வகையில் இருந்த குறையை வெளியிட்டார்கள். 131 நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள் அந்தக் குறைக்கு உட்பட்டவை. அதற்கு முன்பு 2017 ஆகஸ்டில், அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தவறான மென்பொருளை இணையத்தின் வழியே அனுப்பிவிட்டதால், ஏறத்தாழ 500 வாசல் பூட்டுகளின் எண்பலகை ஒரே நேரத்தில் செயலிழந்தது. பூட்டின் பாகத்தைக் கழற்றி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்காரர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, சாவி பழையது என்பதால் பலவீனமும் அல்ல, டிஜிட்டல் புதியது என்பதால் பலமும் அல்ல. வீட்டில் புகும் திருடனும் பெரும்பாலும் பூட்டோடு நுணுக்கமாகப் போராடுவதில்லை. கம்பியை நெம்புவான், சன்னலை உடைப்பான், பின்கதவைத் தள்ளுவான். மழையிலும் பனியிலும் ஊறி நிலை உளுத்துப்போன பலகைக் கதவில் ஆயிரம் வெள்ளி பூட்டை மாட்டினால், திருடனுக்குப் பூட்டைத் தொட வேண்டிய அவசியமே இராது. பணம் இருந்தால் அதை முதலில் கதவுக்கும் நிலைக்கும் கீல்களுக்கும் செலவிட வேண்டும் என்பதே முதல் பாடம்.

மலைக்கு ஒத்துவருமா?

டிஜிட்டல் பூட்டின் நன்மைகளை மறுக்க முடியாது. சாவி தொலையாது. மூட்டுவலியால் சாவியைத் திருக முடியாத பாட்டிக்கு எண்ணை அழுத்துவது எளிது. வீட்டைப் பார்த்துக்கொள்ள வரும் உறவினருக்குத் தனி எண் கொடுத்து, அவர் வேலை முடிந்ததும் அதை அழித்துவிடலாம். பூட்ட மறந்தாலும் கதவு தானே பூட்டிக்கொள்ளும். வீடுகளை வாடகைக்கு விடுபவருக்கு ஒவ்வொரு விருந்தினருக்காகவும் சாவியோடு ஓடும் வேலை மிச்சம்.

ஆனால் பெரும்பாலான விளம்பரங்கள் பட்டணத்து வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. கேமரன் மலையின் நிலைமை வேறு. ஆண்டு முழுவதும் குளிரும் ஈரமும் நிறைந்த இடம் இது. தேயிலைக்கு நல்லதான அந்த ஈரம், மின்சுற்றுக்கும் பேட்டரியின் முனைகளுக்கும் நல்லதல்ல. மழைச்சாரல் நேரே அடிக்கும் வாசலில், மேலே கூரை நீட்டம் இல்லாமல் டிஜிட்டல் பூட்டைப் பொருத்துவது அதன் ஆயுளைக் குறைத்துக்கொள்வதாகும்.

இரண்டாவது, பேட்டரி. பெரும்பாலான வீட்டுப் பூட்டுகள் சாதாரண பேட்டரியில் இயங்குவதால், மின்தடை வந்தாலும் கதவு திறக்கும். பல மாதங்கள், சிலவற்றில் ஓராண்டு வரை பேட்டரி தாங்கும். தீரும் முன் பூட்டு ஒலி எழுப்பி எச்சரிக்கும். அந்த ஒலி எதற்கு என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால்தான் சிக்கல். பல வகைகளில் வெளிப்புறத்தில் இரண்டு சிறு உலோக முனைகளோ மின்னேற்றும் துளையோ இருக்கும். அதில் 9 வோல்ட் பேட்டரியையோ கைப்பேசிக்கான மின்னேற்றியையோ வைத்தால் தற்காலிகமாக உயிர் பெறும். இதை மகன் மட்டும் தெரிந்துவைத்திருந்து பயனில்லை. மழையில் வாசலில் நிற்கப்போவது அம்மாதான்.

மூன்றாவது, பழுது. சாவிப் பூட்டு கெட்டால் பக்கத்து இரும்புக் கடையில் இன்னொன்று வாங்கி, ஒரு திருப்புளி இருந்தால் மாற்றிவிடலாம். டிஜிட்டல் பூட்டு கெட்டால் அந்த நிறுவனத்தின் ஆள் தாப்பா சாலையிலோ சிம்பாங் பூலாய் சாலையிலோ மலையேறி வர வேண்டும். மண்சரிவால் சாலை மூடப்படும் காலங்களை மலைவாசிகள் அறிவார்கள். பள்ளத்தாக்கில் இருக்கும் வீடுகளுக்கு இணையத் தொடர்பு மங்கலாகவே கிடைப்பதால், தொலைவிலிருந்து திறக்கலாம் என்ற வசதியும் அங்கே உறுதியானது அல்ல.

நான்காவது, விரல். ஆண்டுக்கணக்கில் கொழுந்து பறித்த விரல், மண்வெட்டி பிடித்த விரல், உரமும் மருந்தும் பட்ட விரல் ஆகியவற்றில் ரேகை தேய்ந்திருக்கும். குளிரில் தோல் வறண்டு வெடித்தால் கருவிக்கு அது இன்னும் மங்கலாகத் தெரியும். இது கற்பனைக் கவலை அல்ல. தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகைக் கருவி வந்தபோது, முதியோரும் உடலுழைப்பாளர்களும் விரலை மீண்டும் மீண்டும் வைத்துத் திணறினார்கள். பின்னர் அங்கே கண்கருவிழியைப் படிக்கும் கருவிகளும் கொண்டுவரப்பட்டன. உழைத்துத் தேய்ந்த கைக்கு அரிசி கொடுக்க மறுத்த கருவி, அதே கைக்குக் கதவையும் திறக்க மறுக்கலாம்.

விலையும் கணக்கில் வர வேண்டும். இந்நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. நல்ல டிஜிட்டல் பூட்டு பல நூறு வெள்ளி, சில வகைகள் ஆயிரத்தையும் தாண்டும். தரமான சாவிப் பூட்டை அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே வாங்கலாம்.

உள்ளிருந்து வெளியே வரும் வழி

பூட்டைப் பற்றிப் பேசும்போது திருடனை மட்டுமே நினைக்கிறோம். பூட்டு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். வெளியாளை உள்ளே விடாத பூட்டு, ஆபத்து நேரத்தில் வீட்டாரை வெளியே விட வேண்டும்.

2017 செப்டம்பர் 14ஆம் தேதி அதிகாலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த சமயப் பள்ளி விடுதியில் தீப்பற்றியபோது 23 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். சன்னல்களில் இருந்த இரும்புக் கம்பிகள் அவர்கள் தப்பிக்க முடியாதபடி தடுத்தன. நம் வீடுகளிலும் கதவுக்கு வெளியே இரும்புக் கிரில், அதில் ஒரு தொங்கு பூட்டு, அதன் சாவி எங்கோ ஓர் ஆணியில் அல்லது அப்பாவின் சட்டைப் பையில் என்பதே வழக்கம். இரவில் புகை சூழ்ந்தால் அந்தச் சாவியைத் தேட நேரம் கிடைக்காது. கிரில் சாவியைக் கதவருகே எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வைக்கும்படி தீயணைப்பு மீட்புத் துறை பல முறை அறிவுறுத்தி வருகிறது.

கேமரன் மலைக்குத் தீ மட்டுமல்ல, நீரும் ஆபத்து. 2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலையில் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் வேலி மக்கள் தூக்கத்திலேயே வெள்ளத்தில் சிக்கினார்கள். உயிரிழப்பும் ஏற்பட்டது. அத்தகைய இரவில் கதவைத் திறக்கக் கிடைப்பது சில நிமிடங்களே.

இந்த ஒரு விஷயத்தில் நல்ல டிஜிட்டல் பூட்டு, தொங்கு பூட்டைவிட மேலானது. உட்புறக் கைப்பிடியை அழுத்தினாலே, பேட்டரி இல்லாவிட்டாலும், எண் தெரியாத குழந்தைகூடக் கதவைத் திறக்க முடியும். ஆனால் எல்லா வகைகளும் அப்படி இல்லை. உட்புறக் கைப்பிடியும் மின்சாரத்தையே நம்பியிருந்தால் அதை வாங்கக் கூடாது. சாவிப் பூட்டிலும் அதே விதிதான். உட்புறம் சாவித்துளை உள்ள பூட்டைவிட, கையால் திருகும் குமிழ் உள்ளதே குடும்பத்துக்கு நல்லது. டிஜிட்டல் பூட்டை மாட்டிவிட்டு, அதற்கு வெளியே கிரில்லில் பழைய தொங்கு பூட்டையும் தொடர்ந்து போட்டால், கிடைத்த நன்மை அங்கேயே போய்விடும்.

தோட்டத்து வீடு வேறு கணக்கு

இதுவரை சொன்னது சொந்த வீட்டுக்குப் பொருந்தும். தோட்டத்து வீட்டுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது.

1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் 1933இல் தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டமும் இம்மலையின் பெயரை உலகறியச் செய்தவை. இம்மலையின் தேயிலைச் சரிவுகளை உருவாக்கிய உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களே மிகுதி. தோட்டத்தில் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் அவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். வீடு அவர்களுடையது அல்ல. வேலையோடு வந்த வீடு அது, வேலை போனால் வீடும் போகும்.

அந்த வீட்டில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கலாம். வாசலில் வாழையும் முருங்கையும் வைத்து, சாமி மேடை கட்டி, வண்ணம் பூசியிருக்கலாம். பழைய லயத்து வழக்கத்தில் பகலில் கதவுக்குப் பூட்டே இராது. வெளியூர் போனால் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். அந்தச் சாவி பூட்டைத் திறக்கும் இரும்புத் துண்டு மட்டுமல்ல. இந்தக் கதவுக்குள் யார் வரலாம் என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்கிறது என்பதற்கான ஒரே அடையாளமும் அதுதான்.

வாசலைக் கடக்கும் உரிமைக்காகத் தோட்டத் தமிழர்கள் போராடியதும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலை நிறுத்தத்தை நாம் சம்பளப் போராட்டமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அன்றைய கோரிக்கைகளில், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும் என்பதும் ஒன்று. துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பது இன்னொன்று. தன் வீட்டுக்கு யார் வரலாம் என்பதைத் தானே தீர்மானிக்கும் மரியாதையை அவர்கள் கூலியோடு சேர்த்தே கேட்டார்கள்.

இப்போது, தோட்ட நிர்வாகமோ வீட்டு உரிமையாளரோ எல்லா வீடுகளிலும் அலுவலகத்திலிருந்தே இயக்கக்கூடிய டிஜிட்டல் பூட்டைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். நோக்கம் பாதுகாப்பாகவே இருக்கலாம். ஆனாலும் மூன்று மாற்றங்கள் நிகழும்.

ஒன்று, யார் எத்தனை மணிக்கு வெளியே போனார், எப்போது திரும்பினார் என்ற பதிவு அலுவலகத்துக்குக் கிடைக்கும். சாவி யாரிடமும் கோள் சொல்லாது. டிஜிட்டல் பூட்டு எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டு, அலுவலகம் நினைத்தால் வீட்டார் இல்லாதபோது திறக்கலாம். அலுவலகத்தில் மாற்றுச் சாவி இருக்கும் இடங்களிலும் இது முடியும் என்பது உண்மையே. ஆனால் சாவியோடு ஓர் ஆள் வரிசை வீடுகளைக் கடந்து நடந்து வர வேண்டும். நாலு பேர் பார்ப்பார்கள்.

மூன்றாவது மாற்றமே மிகப் பெரியது. வேலை முடிந்த தொழிலாளியை வெளியேற்ற முன்பு ஆள் வர வேண்டும், சாமான் வெளியே வர வேண்டும், கதவில் புதுப் பூட்டு தொங்க வேண்டும். அது ஊருக்குத் தெரியும். தொழிற்சங்கத்துக்குத் தகவல் போகும், படம் எடுக்கப்படும், வழக்கறிஞர் வருவார். டிஜிட்டல் பூட்டில் ஓர் எண்ணை அழித்தால் போதும். மாலையில் வேலை முடிந்து வருபவருக்குக் கதவு திறக்காது, அவ்வளவுதான். பூட்டியது யார் என்றுகூட வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

பிற நாடுகளில் நடந்தவை

இந்த அச்சத்தை மற்ற ஊர்க் குடியிருப்பாளர்கள் நேரிலேயே சந்தித்திருக்கிறார்கள். நியூயார்க்கில் மன்ஹாட்டன் பகுதியின் பழைய கட்டடம் ஒன்றில் உரிமையாளர் வாசல் பூட்டை மாற்றித் திறன்பேசிச் செயலியில் இயங்கும் பூட்டைப் பொருத்தினார். திறன்பேசி பயன்படுத்தாத முதியவர்கள் அங்கே வசித்தார்கள். தங்கள் நடமாட்டம் பதிவாவதை விரும்பாதவர்களும் இருந்தார்கள். குடியிருப்பாளர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2019 மே மாதத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவர்களுக்குச் சாதாரண உலோகச் சாவி கொடுக்க உரிமையாளர் ஒப்புக்கொண்டார். 2021இல் அந்நகரம் ஒரு சட்டமும் இயற்றியது. மின்னியல் பூட்டுள்ள கட்டடங்களில் குடியிருப்பாளரின் சம்மதம் பெறப்பட வேண்டும், சேரும் தகவல்கள் 90 நாள்களுக்குள் அழிக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது.

நமக்கு இன்னும் அருகில் சிங்கப்பூர் இருக்கிறது. 2020 ஏப்ரலில் கோவிட் பரவியபோது, தமிழகத்திலிருந்து சென்றவர்கள் உட்பட லட்சக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதிகள் முடக்கப்பட்டன. பின்னர் வேலைக்குச் செல்ல அனுமதிக்கப்பட்டபோது, திறன்பேசிச் செயலியில் பச்சை தோன்றினால் வெளியேறலாம், சிவப்பு தோன்றினால் முடியாது என்ற நிலை இருந்தது. நோய்த் தடுப்புக்காகச் செய்யப்பட்டது என்பது சரியே. ஆனால் ஒரு மனிதரின் கதவு அவருடைய கைக்குள் இல்லாமல் வேறெங்கோ இருக்கும் கணினிக்குள் இருக்க முடியும் என்பதை அந்தப் பச்சையும் சிவப்பும் காட்டின.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் வீடமைப்புக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுப்பது 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம். 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் அது விரிவாக நடப்பில் உள்ளது. பலர் சேர்ந்து தங்கும் விடுதிகளில் ஒவ்வொருவருக்கும் கட்டில், மெத்தை ஆகியவற்றோடு பூட்டக்கூடிய அலமாரி ஒன்றும் தர வேண்டும் என்று அதன் கீழ் உள்ள விதிமுறைகள் சொல்கின்றன. மிக ஏழையான தொழிலாளிக்கும், தன் கையில் சாவி உள்ள ஒரு சிறு இடம் வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள்.

வாடகை வீட்டாருக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் தொடர்ந்து இருந்தால், நீதிமன்றத்தின் வழியாகவே உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெற வேண்டும். தானே பூட்டைப் போட்டு வெளியேற்ற முடியாது. பூட்டு எந்த வகையாக இருந்தாலும் இந்த விதி மாறாது. எண்ணை அழிப்பதும் பூட்டைப் போடுவதும் ஒன்றுதான். தோட்ட வீடு வாடகை ஒப்பந்தமா, வேலையோடு சேர்ந்த தங்கும் அனுமதியா என்பது வாதத்துக்குரியது. அதனால்தான் தோட்டக் குடும்பங்கள், வீடு தொடர்பான எந்தப் புதிய தாளிலும் கையெழுத்திடும் முன் தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டிக் கேட்க வேண்டும்.

விரல்ரேகை, முகப்பதிவு ஆகியவற்றுக்கும் சட்டம் உண்டு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டபோது, உடல் அடையாளத் தகவல்களும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல்களில் சேர்க்கப்பட்டன. விரல்ரேகையைக் கேட்பவரிடம், அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், வேலையை விட்டால் எப்போது அழிக்கப்படும் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சொந்த வீட்டில் வசிக்கும் பட்டணத்துக் குடும்பம் டிஜிட்டல் பூட்டை வாங்குவதில் தவறில்லை. வாங்கும்போது நான்கு விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். உலோகச் சாவியாலும் திறக்க வேண்டும். உட்புறம் மின்சாரம் இல்லாமல் கையால் திறக்க வேண்டும். வெளியிலிருந்து அவசர மின்சாரம் கொடுக்க வழி இருக்க வேண்டும். கடைக்காரர் வைத்த தொடக்க எண்ணை அன்றே மாற்றிவிட வேண்டும். விரல்ரேகையை மட்டும் நம்பாமல், எண்ணையும் பழக்கிக்கொள்வது உழைத்த கைகளுக்கு நல்லது. உலோகச் சாவியை வீட்டுக்குள் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே நின்று தவிப்பதில் பயனில்லை, ஒன்றாவது நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

பெற்றோருக்கு வாங்கித் தரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பூட்டின் முதன்மைப் பயனர் மகனுடைய கைப்பேசியாக இருந்தால், அந்த வீட்டின் எசமான் அப்பா அல்ல, மகன்தான். எந்த நேரம் அம்மா கோயிலுக்குப் போனார் என்பதும் மகனுக்குத் தெரியும். அதை அம்மா விரும்புகிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுச் சம்மதித்தால் அது பாசம். கேட்காமல் செய்தால் அது கண்காணிப்பு.

தோட்டத்து வீட்டுக்கு இன்றைய நிலையில் சாவிப் பூட்டே பொருத்தமானது. நல்ல கதவு, உட்புறம் கையால் திருகும் குமிழ் உள்ள தரமான பூட்டு, கதவருகே கிரில் சாவி, இவ்வளவு போதும். நிர்வாகம் டிஜிட்டல் பூட்டைக் கொண்டுவர விரும்பினால், குடியிருப்பாளர் கையில் உலோகச் சாவி இருப்பதும், எண்ணை மாற்றும் உரிமை அவரிடமே இருப்பதும், நீதிமன்ற ஆணையின்றி அவருடைய எண் அழிக்கப்படாது என்பதும் எழுத்தில் வர வேண்டும். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூட்டு ஒப்பந்தங்களில் சம்பளத்தோடு வைத்துப் பேச வேண்டிய விஷயமாக இது மாறும் நாள் தொலைவில் இல்லை. தமிழர் மட்டுமல்ல, பக்கத்து வரிசையில் வசிக்கும் வங்காளதேசத் தொழிலாளியும் இதே வாசலில்தான் நிற்கிறார். அவருக்குக் கிடைக்காத உரிமை நமக்கும் நிலைக்காது.

இவை எல்லாவற்றுக்கும் முடிவான தீர்வு ஒன்றுதான். வேலையோடு வரும் வீடு, வேலையோடு போகாத சொந்த வீடாக வேண்டும். தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அது நிறைவேறும் வரை எந்தப் பூட்டை மாட்டினாலும் அது இரவல் கதவில் மாட்டிய பூட்டுதான். சேலைத் தலைப்பில் சாவியை முடிந்து வைத்திருக்கும் அம்மாக்களுக்கு அது எப்போதோ தெரியும்.